கணக்கைக் கிராமத்தில் ஒட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்திலும், அதே ஆண்டு முல்லைத்தீவின் கேப்பாப்புலவில் காணி இழந்தவர்கள் படைமுகாமுக்கு எதிரே போட்ட கொட்டகையிலும் அரசிடம் கேட்கப்பட்டது கணக்குத்தான். எத்தனை பேரைக் கையேற்றீர்கள், எங்கே வைத்தீர்கள், எத்தனை ஏக்கர் எடுத்தீர்கள், எப்போது விடுவீர்கள் என்ற கணக்கு. அந்த மக்களின் பெயரைச் சொல்லி நிதி பெற்று, அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் வன்னியில் நிறைய உண்டு. காணி உரிமை, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், நுண்கடன், கடற்றொழில் என்று அவற்றுள் நல்ல வேலை செய்பவை பல. ஆனால் "இந்த வேலைக்கு எவ்வளவு காசு வந்தது, எதற்குப் போனது" என்று ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி கேட்டால், பதில் சொல்லும் ஏற்பாடு அவற்றிடம் இருப்பது அரிது. கேட்டவர் போராட்டத்தைக் குழப்புகிறார் என்ற பேச்சுத்தான் முதலில் வருகிறது.

வீடு கட்டிக் கொடுக்கும் திட்டத்தில் களவு நடந்தால் சுவர் வெடித்துக் காட்டிக் கொடுக்கும். உரிமைக்காகப் பேசும் அமைப்பின் செலவு கூட்டம், பயணம், அறிக்கை, வழக்கு, சம்பளம். கூட்டம் கலைந்தால் மிஞ்சுவது ஒரு வரவுத் தாளும் ஒரு படமும். கண்ணுக்குத் தெரிகிற பொருள் எதுவும் மிஞ்சாத இடத்தில்தான் கணக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது ஒரு தாள். செயற்றிட்டம் தொடங்க முன் ஒன்று, முடிந்து 60 நாளுக்குள் இன்னொன்று. தமிழில், ரூபாவில், வேலை நடக்கும் ஒவ்வொரு கிராமத்திலும் பொதுநோக்கு மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்திலோ ஒட்டப்பட வேண்டும். நிதி தந்தவர் யார், உடன்படிக்கைத் தொகை அந்த நாட்டு நாணயத்தில் எவ்வளவு, எந்தெந்தத் திகதியில் எத்தனை ரூபா வங்கிக்கு வந்தது என்பது மேலே. சம்பளம், அலுவலகம், வாகனம், கூட்டங்கள், மக்களின் கைக்கு நேரே போனது என்று ஐந்தாறு தலைப்புகள் கீழே. ஒவ்வொன்றுக்கும் திட்டமிட்ட தொகையும் செலவான தொகையும் பக்கத்தில் பக்கத்தில். 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு வரியில் காரணம். கடைசியில் மிச்சம் எவ்வளவு, அது யாரிடம் திரும்பியது, கணக்காய்வு செய்தவர் யார், கேள்வி இருந்தால் எந்தத் தொலைபேசி இலக்கத்தில் யாரைக் கேட்பது. காசேட்டை (நாளாந்த வரவு செலவுப் புத்தகத்தை) ஒழுங்காக எழுதிய அமைப்புக்கு இந்தத் தாள் அரைநாள் வேலை. அரைநாளில் எழுத முடியவில்லை என்றால் காசேட்டில்தான் பிரச்சினை.

சம்பளத்தை அதில் மறைக்கவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. காணிக் கோப்பைத் தொகுக்கும் உத்தியோகத்தர் இல்லாமல் ஒரு கோப்பும் நகராது. உரிமை வேலையில் பெரும்பங்கு சம்பளமாகவே போகும். "எங்கள் நிருவாகச் செலவு 5 வீதம்தான்" என்று பெருமை பேசும் கணக்கைக் கண்டால், சம்பளத்தை "களச் செயற்பாடு" என்ற தலைப்புக்குள் தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படித் தள்ளுவதைவிட, "ஒருங்கிணைப்பாளர் ஒருவர், 12 மாதம், இவ்வளவு" என்று எழுதுவது நேர்மையானது, மக்களுக்கும் விளங்கும்.

ஏற்கனவே மேற்பார்வை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. சில அமைப்புகள் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவானவை. சில 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனிகள். ஊர்மட்டத்தில் இருப்பவை கிராம அபிவிருத்திச் சங்கங்களாக இயங்குகின்றன. எந்தப் பதிவானாலும் அறிக்கை போவது மேலே: பிரதேச செயலகத்துக்கு, கச்சேரிக்கு, கொழும்புக்கு, நிதி வழங்குநரின் நாட்டுக்கு. ஊருக்குத் திரும்பி வருவதில்லை.

நிதி வழங்குநர் கேட்கும் கணக்காய்வு தன்னுடைய காசை மட்டும் பார்க்கும். ஓர் அமைப்புக்கு நான்கு நிதி வழங்குநர் இருந்தால் நான்கு கணக்காய்வு அறிக்கைகள், நான்கும் சுத்தமாக இருக்கும். ஒரே ஒருங்கிணைப்பாளரின் 90,000 ரூபா சம்பளத்தில் முழுவதும் ஒரு திட்டத்திலும் பாதி இன்னொன்றிலும் எழுதப்பட்டு, மாதம் 45,000 ரூபா ஆளில்லாமல் எங்கோ போவதை அந்த நால்வரில் ஒருவரும் காணமாட்டார். கூட்டச் செலவின் மூலப் பற்றுச்சீட்டு ஒருவருக்கும் அதன் நிழற்பிரதி "மூலப்பிரதி தொலைந்தது" என்ற குறிப்போடு மற்றவருக்கும் போவது இன்னொரு வழி. தடுப்பது கடினமில்லை. பணம் கொடுத்த அன்றே மூலப் பற்றுச்சீட்டின் முகத்தில் "இன்ன திட்டத்தில் செலுத்தப்பட்டது" என்று இறப்பர் முத்திரை குத்த வேண்டும். பின்பக்கத்தில் குத்தினால் நிழற்பிரதியில் விழாது. ஒவ்வொரு பணியாளரும் மாத முடிவில் எந்தத் திட்டத்துக்கு எத்தனை நாள் வேலை செய்தார் என்று நேரத்தாள் எழுத வேண்டும்; எல்லாத் திட்டமும் சேர்ந்து 100 வீதத்தைத் தாண்டக் கூடாது. இவற்றுக்கு மேலாக, திட்டக் கணக்காய்வோடு முழு அமைப்பின் ஆண்டுக் கணக்காய்வும் வேண்டும். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென வெளியிட்ட நடைமுறைக் கூற்று, குறித்த நோக்கத்துக்கென வந்த நிதியையும் அமைப்பு தன் விருப்பப்படி செலவிடக்கூடிய நிதியையும் வேறாகக் காட்டச் சொல்கிறது. அறிக்கையைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்கவேண்டியது கணக்காய்வாளரின் அபிப்பிராயப் பந்தி. "இன்ன விடயம் நீங்கலாக" என்று அதில் வந்தால் அங்கே நில்லுங்கள். பிறகு குறிப்புகளில் தொடர்புடைய தரப்புகள் என்ற இடம்: அலுவலகக் கட்டடம் பணிப்பாளரின் உறவினருடையதா, வாடகை வாகனம் அமைப்பின் நிருவாகச் சபை உறுப்பினருடையதா என்பது அங்கேதான் இருக்கும், நேர்மையாக எழுதியிருந்தால்.

நாணயமாற்றுப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமாகும்போது 360 ரூபா அளவுக்குப் போனது. 50,000 டொலர் உடன்படிக்கையைப் பழைய விலையில் 1 கோடி ரூபாப் பாதீடாக எழுதியிருந்த அமைப்புக்கு, முழுப் பணமும் அதன் பிறகு வந்திருந்தால், கிடைத்தது 1 கோடி 80 இலட்சம். டீசல், கடதாசி, சாப்பாடு எல்லாம் விலை ஏறியதில் ஒரு பகுதி கரைந்திருக்கும். அது நியாயமான செலவு. மீதிக்கு நிதி வழங்குநரிடம் எழுத்தில் கேட்டுப் பாதீட்டைத் திருத்தியிருக்க வேண்டும், நாணயமாற்று இலாபம் என்று கணக்கில் தனி வரியாகக் காட்டியிருக்க வேண்டும். களப் பணியாளரிடமும் மக்களிடமும் பழைய ரூபாப் பாதீட்டையே காட்டிக்கொண்டிருந்தால் அந்த 80 இலட்சம் கேள்வி இல்லாமல் போயிருக்கும். மறுபக்கமும் உண்டு. 2023 இல் டொலர் 300 ரூபாவை அண்டி இறங்கியபோது, 360 இல் பாதீடு எழுதியவர்களுக்குக் காசு குறைந்தது. அப்படி வரும்போது வெட்டு விழுவது ஊர்க்கூட்டத்திலா, வாகன வாடகையிலா என்பதை மக்கள் அறிய வேண்டும். தாளின் மேற்பகுதியில் வெளிநாட்டுத் தொகையையும் வந்த ரூபாவையும் சேர்த்து எழுதச் சொல்வது இதனால்தான்.

இனி கூட்டங்கள். சிறு தொகைகள் ஒழுகுவது பெரும்பாலும் இங்கே. 40 பேர் வந்த கூட்டத்துக்குப் பணியாளர் 4 பேரோடு 44 சாப்பாட்டுப் பொதி போதும். பற்றுச்சீட்டில் 65 இருந்தால் வரவுத் தாளில் 61 பெயர் இருக்கும். அந்தத் தாளைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: ஒரே பேனை, ஒரே அழுத்தம், கடைசி 21 கையெழுத்தும் ஒரே சரிவு. போக்குவரத்துக் கொடுப்பனவில் நடப்பது வேறு. தொகை நிரல் வெறுமையாக இருக்கும்போது கையெழுத்து வாங்கப்படும். கையில் 500 ரூபா, பிறகு தாளில் 1,000 ரூபா. மாற்று எளிது. தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் அச்சிட்ட பிறகே கையெழுத்து. கூட்டம் தொடங்கும்போதே "இன்று ஆளுக்கு இவ்வளவு போக்குவரத்துக் காசு" என்று ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும். கைநாட்டு வைக்கும் அம்மாவுக்கு அமைப்பைச் சாராத ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். நிருவாகச் சபையில் உள்ள ஒருவர், பணியாளர் அல்லாதவர், மாதத்தில் ஒரு கூட்டத்தைத் தெரிவு செய்து 40 பேரில் 5 பேருக்குத் தொலைபேசி எடுத்து வந்தீர்களா, எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால் போதும். இந்த அழைப்பு வரும் என்று தெரிந்தாலே பாதி ஒழுகல் நிற்கும்.

மூன்று விலைக்கோரல் என்ற விதியைப் பற்றியும் உள்ளபடி பேச வேண்டும். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ ஒரு பொருளை விற்கும் கடை ஒன்றுதான் இருக்கும். விதியை நிறைவேற்ற அந்தக் கடைக்காரரே மற்ற இரண்டு கடைகளின் பெயரிலும் கடிதத்தலைப்பு எடுத்துக் கொடுப்பார். பொய்யான மூன்று தாளைவிட, "இப்பகுதியில் ஒரே கடை, கிளிநொச்சிச் சந்தை விலையோடு ஒப்பிட்டோம், ஏற்றுக்கூலி சேர்த்து இவ்வளவு வித்தியாசம்" என்ற ஒரு பக்கக் குறிப்பில் இருவர் கையெழுத்திட்டு வைப்பது மேல். சமைத்துத் தரும் ஊர்ப் பெண்களிடம் அச்சிட்ட பற்றுச்சீட்டு இருக்காது. அதற்காக நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் வெற்றுச்சீட்டு வாங்குவது தவறு. பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பொதி, என்ன விலை என்று எழுதிய கொடுப்பனவு வவுச்சரில் அவரே கையெழுத்திட்டால் எந்தக் கணக்காய்வாளரும் ஏற்பார்.

அலுவலகத்துக்குள் மிக ஆபத்தான பழக்கம், தலைவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகுமுன் பத்துக் காசோலைகளில் வெறுமனே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவது. இரண்டு கையெழுத்து என்ற பாதுகாப்பு அந்த நிமிடத்தில் ஒன்றாகிவிடுகிறது. கையெழுத்திட அதிகாரம் பெற்ற மூவரை நியமித்து, அவர்களில் எந்த இருவரும் என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்தால் இந்தத் தேவையே வராது. மூவரில் இருவர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. காசேட்டை எழுதுபவர், அதை வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் வங்கி இணக்கக் கூற்றைத் தயாரிக்கக் கூடாது. வேறொருவர் அடுத்த மாதம் 10 ஆம் திகதிக்குள் தயாரிக்க வேண்டும். முற்பணம் எடுத்தவர் வேலை முடிந்து 7 நாளில் கணக்குத் தர வேண்டும். முதல் முற்பணம் தீராமல் இரண்டாவது இல்லை, அது பணிப்பாளராக இருந்தாலும். சிறிய அமைப்புகளில் காசு காணாமல் போவதற்குப் பெரும்பாலும் திட்டமிட்ட களவு காரணமாக இருப்பதில்லை. தீர்க்கப்படாத முற்பணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகி, ஆண்டு முடிவில் பற்றுச்சீட்டைத் தேடும்போதுதான் முதற் பொய்ச்சீட்டு எழுதப்படுகிறது.

பணியாளரின் உரிமை இதே கணக்கின் இன்னொரு பக்கம். 60,000 ரூபா சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்குப் பணியாளரிடம் 8 வீதம், அதாவது 4,800 ரூபா. தொழில் வழங்குநர் 12 வீதம், 7,200 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் வழங்குநர் 3 வீதம், 1,800 ரூபா. அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். இதைத் தவிர்க்க, முழுநேரம் வேலை செய்பவரைத் "தொண்டர்" என்று எழுதி "ஊக்குவிப்புக் கொடுப்பனவு" கொடுக்கிறார்கள். அதைவிட மோசமானது திருப்பி வாங்குவது: வங்கியில் 80,000 போடப்படும், அதில் 25,000 ரூபாவைக் காசாக எடுத்து "நிறுவன வளர்ச்சிக்கு" என்று பணிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். போர் முடிந்து வேலை தேடி வந்த பிள்ளைகள், முன்னாள் போராளிகள், கணவனை இழந்த பெண்கள் இதைத் தட்டிக்கேட்கும் நிலையில் இருப்பதில்லை. மனமுவந்த பங்களிப்பு என்றால் அதற்குப் பற்றுச்சீட்டு கொடுங்கள், வருமானமாகக் கணக்கில் எழுதுங்கள். எழுத மறுப்பவரிடம் காசைக் கொடுக்கவேண்டியதில்லை.

ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக் கூட்டத்தொடருக்கு ஜெனீவா போகும் பயணம் தனியாகச் சொல்லவேண்டிய செலவு. போவது அவசியம், உறவுகளின் குரல் அங்கே நேரில் கேட்கப்பட வேண்டும். ஆனால் யாரைத் தெரிவு செய்தார்கள், யார் தெரிவு செய்தார்கள், விமானச் சீட்டும் நாட்படியும் எவ்வளவு, எந்தெந்தச் சந்திப்பில் என்ன கையளித்தார்கள் என்பதைத் திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் கொட்டகையில் இருக்கும் தாய்மாருக்கு முன்னால் சொல்லுங்கள். அவர்கள் கையில் ஏந்திய படத்தை நிதி கேட்கும் துண்டுப்பிரசுரத்தில் போடுவதாக இருந்தால், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.

புலம்பெயர் உறவுகளுக்கும் ஒரு சொல். உங்கள் காசை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், அனுப்பினால் வங்கிப் பதிவு இல்லை; தனியாளின் கணக்கில் போட்டால் அது அவருடைய காசு. அமைப்பின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள், பற்றுச்சீட்டுக் கேளுங்கள். உங்கள் நாட்டில் சேர்ப்பவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமென்றால் அங்கேயே பார்க்கலாம்: இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டு வருமானம் 25,000 பவுண்சுக்கு மேற்பட்ட தொண்டு நிறுவனங்கள் கணக்கைத் தொண்டு நிறுவன ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும், அது யாரும் பார்க்கக்கூடியது. கனடாவில் வருமான முகவரகத்தின் இணையத்தளத்தில் ஆண்டு விபரம் இருக்கும். அங்கே காட்டிய தொகையும் இங்கே வங்கிக்கு வந்த தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க உங்களால்தான் முடியும்.

கணக்கைத் திறந்தால் புலனாய்வுக்காரருக்கு வசதியாகிவிடும் என்ற அச்சம் வெறும் சாட்டு அல்ல. 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களையும் சர்வதேச நிறுவனங்களையும் வன்னியை விட்டுப் போகச் சொன்னதையும், 2010 இல் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோகப்பட்டதையும் இங்கே எவரும் மறக்கவில்லை. ஆனால் தொகை வேறு, பெயர் வேறு. சாட்சி சொன்னவருக்கும் பாதுகாப்புக்காக இடம் மாறியவருக்கும் கொடுத்த பணத்தை வவுச்சரில் குறியீட்டு எண்ணில் எழுதுங்கள். எண்ணுக்குரிய பெயர் தனிப் பதிவேட்டில், இருவர் பொறுப்பில், பூட்டிய இடத்தில். கணக்காய்வாளர் அலுவலகத்தில் வைத்தே பார்ப்பார். பிரதி எடுக்கவோ வெளியே கொண்டுபோகவோ விடக் கூடாது. ஒட்டும் தாளில் "பாதுகாப்பு உதவி, இத்தனை பேர், இவ்வளவு ரூபா" என்று மட்டும் வரட்டும். பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை யார் கேட்டாலும் கொடுக்காமல் இருப்பதற்கும், செலவுத் தொகையை மக்களிடமிருந்து ஒளிப்பதற்கும் ஒரே காரணத்தைச் சொல்லாதீர்கள்.

தாள் ஒட்டப்படாத இடத்தில் மக்கள் என்ன செய்யலாம்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 43 ஆம் பிரிவு, அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசுகளிடமிருந்தோ சர்வதேச நிறுவனங்களிடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களையும், அந்தச் சேவை தொடர்பான தகவல் அளவில், பொது அதிகாரசபை என்ற வரைவிலக்கணத்துக்குள் கொண்டுவருகிறது. அமைப்பின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால் அதை எழுத்தில் எடுப்பது அந்த உத்தியோகத்தரின் கடமை. "எல்லாக் கணக்கும் தாருங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. திட்டத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, அங்கீகரிக்கப்பட்ட பாதீடு, தலைப்பு வாரியாகச் செலவு, கணக்காய்வு அறிக்கை என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். முடிவு 14 வேலை நாளுக்குள் வர வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள், மேன்முறையீட்டைக் கேட்பதற்கென அங்கே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் 3 வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அதிலும் சரிவரவில்லை என்றால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். தகவல் உத்தியோகத்தரே இல்லை என்று ஓர் அமைப்பு சொன்னால், அதே திட்டம் பற்றிப் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த முன்னேற்ற அறிக்கையைப் பிரதேச செயலகத்திடமே கேளுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம், ஆசிரியர் அவர்களே. பதாகைக்கு முன்னால் வளவாளர் நிற்கும் படத்தோடு "விழிப்புணர்வுச் செயலமர்வு சிறப்பாக நடைபெற்றது" என்ற செய்திகள் உங்கள் பிராந்தியப் பக்கத்துக்கு வருகின்றன. அவற்றைப் பிரசுரிக்கும்போது நிதி யாருடையது, நிகழ்வுக்கு எவ்வளவு, எத்தனை பேர் வந்தார்கள் என்று அனுப்பியவரிடம் கேட்டு, செய்தியின் கடைசி வரியாகப் போடுங்கள். தரவில்லை என்றால் "செலவு விபரம் தரப்படவில்லை" என்று போடுங்கள். அடுத்த மாதத்திலிருந்தே தொடங்கலாம்.

இங்ஙனம்,
உரிமை அமைப்புகளில் கணக்குப் பொறுப்பில் உள்ள சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள்.